பொம்மைக்கு ஒரு பாக்கெட்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தொன்று. நாங்கள் இருப்பது லைன் வீடு. பக்கத்து வீடுகளில் ஒடிசா, பீகார்க்காரர்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கம்பெனியில் கேட்டுவிட்டுக் கொஞ்சம் கட்டிங் வேஸ்ட் எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்து பொம்மை தைக்க ஆரம்பித்தேன். ஒரு வருடம் ஆகிறது. ஐந்தாறு பிள்ளைகள் வருவார்கள், சில வாரம் இரண்டு பேர்தான். பாஷை பாதி புரியாது. போன வாரம் ஒரு பையன் பொம்மைக்குப் பாக்கெட் வைத்தே தீர வேண்டும் என்று ஒரு மணி நேரம் அடம் பிடித்துத் தைத்தான்.

என் மனைவி, 'இதுல என்னங்க வருது?' என்கிறாள். நண்பர் ஒருவர் வீடியோ எடுத்துப் போடு, நாலு பேருக்கு ஊக்கமாக இருக்கும் என்கிறார். நானும் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டி, மரம் நடுகிற கண்டக்டர் என்று இப்படிப்பட்டவர்கள் வீடியோவெல்லாம் பார்ப்பவன்தான். பார்த்தால் ஊக்கம் வருவதில்லை ஐயா, வெட்கமாக இருக்கிறது. அவர்கள் எங்கே, நான் எங்கே! நான் செய்வது ஒரு வேலையா? வீடியோ போடலாமா, வேண்டாமா?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டிங் வேஸ்ட் என்ற இடத்தில் எனக்கு நேக் சந்த் ஞாபகம் வந்துவிட்டார். அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றுவழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேக் சந்த் 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷக்கர்கட் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டு இந்தப் பக்கம் வந்தார். அப்போது லெ கார்பூசியே என்ற கட்டிடக் கலைஞரின் திட்டப்படி சண்டிகர் நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை கிடைத்தது. சாதாரண அரசு வேலை. புதிய நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. உடைந்த ஓடு, பீங்கான், வளையல் என்று எங்கும் குப்பை. வேலை முடிந்ததும் இவர் சைக்கிளில் போய் அதையெல்லாம் பொறுக்கினார். ஆற்றுப் படுகைகளில் விசித்திரமான கற்களைத் தேடி எடுத்தார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், யாரும் எதுவும் கட்டக் கூடாத காட்டு நிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1957 வாக்கில் தொடங்கியது. சிமெண்ட் குழைத்து, உடைசல்களைப் பதித்து, மனிதர்களும் பறவைகளும் விலங்குகளுமாகச் செய்து வரிசையில் நிறுத்தினார். சிறு வயதில் அம்மா சொன்ன ராஜா கதைகளில் வரும் ராஜ்ஜியம்தான் அவர் மனதில் இருந்ததாம்.

பதினெட்டு வருடம் ரகசியமாகச் செய்தார். கண்டுபிடித்தால் இடித்துவிடுவார்கள். பகலில் சாலை வேலை, மற்ற நேரம் ராஜ்ஜியம்.

1970களின் நடுவில் விஷயம் வெளியே வந்தபோது அது சுமார் 12 ஏக்கருக்குப் பரவியிருந்தது. சட்டப்படி இடிக்க வேண்டியதுதான். மக்கள் பார்த்துவிட்டு விடவில்லை, அரசாங்கத்துக்குள்ளேயும் சிலர் துணை நின்றார்கள். 1976இல் ராக் கார்டன் என்று திறந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது: அதே அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்து, 'சப் டிவிஷனல் இன்ஜினியர், ராக் கார்டன்' என்று ஒரு பதவியும் கொடுத்து, ஐம்பது தொழிலாளர்களையும் அனுப்பிவைத்தது. நம் நாட்டில் ஆக்கிரமிப்புக்குப் பதவி உயர்வு கிடைத்த வேறு கதை எனக்குத் தெரியாது. (ஏரிக்கரையில் வீடு கட்டிய அரசியல்வாதிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.) 1984இல் பத்மஸ்ரீ. 2015இல், தொண்ணூறு வயதில் இறந்தார்.

நான் ஒரு முறை போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் செய்த முதல் காரியம் தலையை இடித்துக்கொண்டது. வாசல்கள் அத்தனை தாழ்வு. ராஜ்ஜியத்துக்குள் வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தாராம். தார் டிரம்களை அடுக்கிக் கட்டிய சுவர் ஒன்று. வீட்டு ஒயரிங்கில் வருமே, அந்த வெள்ளைப் பீங்கான் சாமான்களைப் பதித்த சுவர் இன்னொன்று. அப்புறம் அந்த வளையல் பெண்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளாலேயே உடம்பு முழுக்கச் செய்த உருவங்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் வளைவும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு எத்தனை மாலை நேரம் ஆகியிருக்கும்! யாருக்குக் காட்ட? அப்போது யாருமே பார்க்கப் போவதில்லை என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் இந்த மாலை நேரங்கள் இருக்காது. வயலின் சத்தத்தோடு மூன்று நிமிடத்தில் தொடக்கமும் விருதும் வந்துவிடும். பதினெட்டு வருடத்தைக் கத்தரித்துவிட்டுக் காட்டினால் அவர் பெரிய ஆளாகவும் நீங்கள் சின்ன ஆளாகவும் தெரியத்தான் செய்யும். பன்னிரண்டாவது வருடத்தில் நேக் சந்தை யாராவது பார்த்திருந்தால், குப்பை பொறுக்குகிற ரோடு இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வீட்டில் 'இதுல என்ன வருது' என்ற கேள்வி பஞ்சாபியில் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

வெட்கம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இன்னொருவரைச் சொல்ல வேண்டும். மங்களூரில் கூடையில் ஆரஞ்சு விற்ற ஹரேகள ஹாஜப்பா. பள்ளிக்கூடம் போகாதவர். ஒரு நாள் வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் ஆங்கிலத்தில் பழத்தின் விலை கேட்டார்கள். இவருக்குப் புரியவில்லை, பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அந்த வெட்கம் அவரை விடவில்லை. தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வரக் கூடாது என்று நினைத்தார். அவர் ஊரான நியூபடுப்பில் அப்போது பள்ளி கிடையாது. பழம் விற்ற காசில் மிச்சம் பிடித்தார், கையேந்தினார், மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். 2000 வாக்கில் 28 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியது. தொடங்கிய பிறகும், பள்ளி வளாகத்தைப் பெருக்குவதும் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் காய்ச்சி வைப்பதும் அவரேதான். 2020இல் பத்மஸ்ரீ அறிவித்து டெல்லியிலிருந்து போன் வந்தபோது ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மறு வருடம் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வெறுங்காலோடு போய் வாங்கினார்.

ஆகவே வெட்கம் வந்தால் வரட்டும். எதற்காக வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஹாஜப்பாவுக்கு வந்தது ஆரஞ்சு விலை சொல்ல முடியாத வெட்கம். அதற்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம். கமலாத்தாள் பாட்டி மாதிரி நான் இல்லையே என்ற வெட்கத்துக்கு என்ன கட்டுவது? அந்தப் பாட்டி வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பின் முன் உட்கார்ந்தது உங்களுக்கும் எனக்கும் ஊக்கமளிக்க இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறைய இட்லி சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். நீங்களும் வாசலில் உட்கார்ந்தது பிள்ளைகள் சும்மா சுற்றுகிறார்களே என்றுதான். அந்த இடத்தில் உங்களுக்கும் பாட்டிக்கும் வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

சரி, வீடியோ. இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நேக் சந்த் மறைத்ததும் அடக்கத்தால் அல்ல, இடித்துவிடுவார்கள் என்ற பயத்தால். ஆனால் அந்தப் பயத்தில் அவருக்கு ஒரு சௌகரியமும் கிடைத்தது. பதினெட்டு வருடம் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் சொல்லவில்லை. நீங்கள் வீடியோ போட்ட மறுவாரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவீர்கள். அதற்கடுத்த வாரம் பிள்ளைகளிடம் 'கொஞ்சம் சிரிங்கடா' என்பீர்கள். பாக்கெட் தைக்க ஒரு மணி நேரம் எடுக்கிற பையனைப் பார்த்து உங்களுக்கே பொறுமை போய்விடும்.

இன்னொன்று, அவை ஊரார் பிள்ளைகள். அப்பா அம்மா ஷிஃப்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்கள் முகத்தை ஊருக்குக் காட்ட உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ உரிமை கிடையாது.

ஆனால் மறைத்தே வைத்திருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஹாஜப்பாவைப் பற்றிக் கன்னடப் பத்திரிகைகள் எழுதியதால்தான் பள்ளிக்குப் பணமும் கவனமும் வந்தன. ராக் கார்டனிலும் அப்படித்தான். 1996இல் நேக் சந்த் வெளிநாட்டுப் பயணம் போயிருந்தபோது நிதியை நிறுத்திவிட்டார்கள். யாரோ உள்ளே புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அந்த இடம் தங்களுடையது என்று நினைத்த ஊர்க்காரர்கள் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றினார்கள். உங்களுக்கும் ஒரு நாள் இடம் போதாமல் போகலாம், ஊசி நூல் வாங்கவே கஷ்டமாகலாம். அப்போது வெளியே சொல்லுங்கள். எனக்கும் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு ஞாயிறு அவரையும் வாசலில் உட்காரச் சொல்லிப் பார்க்கலாம். பவர்டேபிளில், அதாவது கம்பெனித் தையல் மெஷினில், வேலை பார்த்தவராக இருந்தால் உங்கள் தையலில் குறை சொல்லவாவது உட்காருவார்.

ராக் கார்டனில் துணிப் பொம்மைகளுக்கென்று இப்போது தனியாக ஒரு கூடம் இருக்கிறது. துணிக் கழிவிலிருந்து நேக் சந்த் செய்தவை. நான் போன பிறகு திறந்ததால் பார்க்கவில்லை, படங்களில்தான் பார்த்தேன். பளபளவென்று உடுத்திக்கொண்டு நிற்கின்றன. எதற்கும் பாக்கெட் இருந்ததாக ஞாபகம் இல்லை.

உங்கள் பையன் அதற்குள் என்ன வைத்தான் என்று எழுத மறந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்