அசிட்டேட் உப்புகள்: கேளுங்கள், சொல்கிறேன்

பிளஸ் டூ மாணவி: அசிட்டேட் (வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தின் உப்பு) எல்லாமே தண்ணீரில் கரையும் என்று எழுதலாமா சார்?

"பெரும்பாலானவை" என்று எழுதும்மா. சில்வர் அசிட்டேட் இடிக்கும். 20 டிகிரியில் 100 மி.லி. தண்ணீரில் சுமார் 1 கிராம்தான் கரையும். செறிவான சில்வர் நைட்ரேட் கரைசலில் சோடியம் அசிட்டேட்டை ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு விழும். ரொம்ப நீர்த்திருந்தால் விழாது. விழுந்ததில் நைட்ரிக் அமிலம் விட்டுப் பார், கரைந்துவிடும். அசிட்டேட் அயனி ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாகிவிடுகிறது. சில்வர் குளோரைடிடம் இந்த வித்தை பலிக்காது.

போர் தண்ணீர் கொதித்து கெட்டிலில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன், போய்விட்டது. சூட்டில்தான் கரைந்ததா?

சூடு வினையை வேகப்படுத்தியது, அவ்வளவுதான். படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது குமிழி விட்டு கால்சியம் அசிட்டேட்டாக மாறிக் கரைகிறது. இந்த உப்பு சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும்: 100 மி.லி.யில் 0 டிகிரியில் 37 கிராம் என்றால் 100 டிகிரியில் 30 கிராம் போல. கெட்டிலில் இருப்பது சொற்பம், அதனால் கவலையில்லை. அடுத்த முறை வெதுவெதுப்பாக ஊறவிட்டாலே போதும், வீடெல்லாம் நாறாது.

கலம்காரித் துணி ஓவியத்தின் கருப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். வினிகரே இல்லையே, அசிட்டேட் எங்கிருந்து வரும்?

எனக்குப் பிடித்த கேள்வி. வெல்லத் தண்ணீர் புளிக்கும்போது முதலில் ஆல்கஹால் வருகிறது. பிறகு பாக்டீரியாக்கள் அதை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. அது இரும்பை அரித்து ஃபெரஸ் அசிட்டேட் ஆகிறது. கரையும் உப்பு என்பதால்தான் மூங்கில் பேனாவில் தொட்டுக் கோடு இழுக்க முடிகிறது. துணி ஏற்கெனவே கடுக்காயும் பாலும் ஊறியது. கடுக்காயின் டானினோடு இரும்பு சேர்ந்து, காற்றுப் பட்டதும் கருத்து, கரையாத பொருளாக நூலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அன்னபேதியிலும் (ஃபெரஸ் சல்பேட்) இரும்பு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அது விட்டுச்செல்வது கந்தக அமிலம். நாளாவட்டத்தில் பருத்தி நூலை இற்றுப்போகச் செய்யும். அசிட்டிக் அமிலமோ காய்கையில் ஆவியாகிப் போய்விடும். வேதியியல் புத்தகம் படிக்காமலே இதைப் பிடித்திருக்கிறார்களே, அதுதான் ஆச்சரியம்.

லெட் அசிட்டேட் (ஈய உப்பு) இனிக்குமாமே?

இனிக்கும். கடும் நஞ்சும்கூட. ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சியபோது உள்ளே போனதில் இதுவும் ஒன்று. நன்றாகக் கரைவதால் உடம்பில் சுலபமாக ஏறும். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

வினிகரில் சோடா உப்புப் போட்டு "சூடான ஐஸ்" (தொட்டதும் சூடாகி உறையும் சோடியம் அசிட்டேட் கரைசல்) செய்தேன். தொட்டால் உறையவே இல்லை.

தண்ணீர் மிச்சம், தம்பி. வினிகரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மேலே ஆடை கட்டத் தொடங்கும்வரை சுண்டவிட்டு, மூடி ஆறவை. ஓரத்தில் ஒரு படிகம் ஒட்டியிருந்தாலும் நீ தொடுவதற்கு முன்பே உறைந்துவிடும், வழித்தெடுத்துவிடு.