பட்ஜி பறவைகள் கையைப் பார்த்தாலே பதறுகின்றன, ஒன்று கண்ணாடிக்கு இரை ஊட்டுகிறது. இது நோயா, இயல்பா?

பின்னால் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். சந்தையில் ஒரு ஜோடி பட்ஜி (கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் சின்னக் கிளி) வாங்கி ஒரு மாதம் ஆகிறதாம், ஒன்று பச்சை, ஒன்று நீலம். தீனி வைக்கக் கையை உள்ளே விட்டால் இரண்டும் கூண்டு முழுக்க முட்டி மோதுகின்றன. நீலம், கூண்டில் தொங்கும் கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டி எதையோ கக்குகிறது. பச்சை மத்தியானத்தில் ஒற்றைக் காலில் நின்று தூங்குகிறது. பேசப் பழக்க முடியுமா, கூட ஒரு பச்சைக்கிளியை விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முட்டி மோதுவது, கக்குவது, ஒற்றைக் கால் தூக்கம் மூன்றுமே அதன் குணம்தான். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தீனிக் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கிறது, ரொம்பக் கம்மியாகத்தான் சாப்பிடுகிறது போல." எனக்குத் திக்கென்றது அந்த வரியில்தான். மற்றதைப் படிக்கும் முன் போய் அந்தக் கிண்ணத்தை லேசாக ஊதிப் பாருங்கள்.

பட்ஜி தினையை அப்படியே விழுங்காது. அலகில் கவ்வி, நாக்கால் உருட்டி, உமியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் அரிசியை மட்டும் எடுத்துக்கொள்ளும். உமி அதே கிண்ணத்தில் விழும். அதுவும் இரண்டாக உடையாமல், வாய் பிளந்த சிப்பி மாதிரி முழுசாக விழுவதால் மேலிருந்து பார்த்தால் தினை தளும்ப இருப்பது போலவே தெரியும். ஊதினால் பாதிக் கிண்ணம் பறந்துபோகும், சில சமயம் அடியில் ஒரு மணிகூட இருக்காது. முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. தீனி தீரவில்லையே என்று நிரப்பாமல் விட்டுப் பறவையைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் புதுத் தீனி போட்டுவிட்டால் இந்தப் பயமே இல்லை.

சரி, குணத்துக்கு வருவோம். கடையில் இதை லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை, அதனால் இணையத்தில் பட்ஜி என்றே தேடுங்கள். பட்ஜி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது. தண்ணீரும் புல்விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாக அலையும். காட்டில் இருப்பவை எல்லாம் பச்சையும் மஞ்சளும்தான், உங்கள் நீலம் கூண்டில் வளர்த்துப் பெருக்கியதில் வந்த நிறம். ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840-ல் இவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆக, மனிதனோடு இதற்கு இருநூறு வருஷப் பழக்கம்கூட இல்லை. மேலிருந்து சரேலென்று எது இறங்கினாலும் அதற்குப் பருந்துதான். உங்கள் கையும் கூண்டின் மேல் கதவு வழியாகத்தானே இறங்குகிறது?

அதனால் முதலில் கூண்டின் இடத்தை மாற்றுங்கள். உங்கள் கண் மட்டத்துக்கு, ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் உள்ள நடுக்கூடத்தில் வைத்தால் அது எப்போதும் பதற்றத்திலேயே இருக்கும். பிறகு கொஞ்ச நாள் கையை உள்ளே விட்டுப் பிடிக்கிற வேலையே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், அதனோடு பேசுங்கள், மெதுவாகக் கண் சிமிட்டுங்கள். கம்பிக்கு வெளியே கை இருந்தாலும் அது தன்பாட்டுக்குச் சிறகு கோதுகிறது என்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒரு தினைக்கதிரைப் பக்கவாட்டில், அதன் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே நீட்டுங்கள். முதல் தடவை கழுத்தை மட்டும் நீட்டி ஒரு மணியைப் பிய்த்துக்கொண்டு பின்வாங்கும். கையை அசைக்காமல் வைத்திருந்தால் போதும், நாளடைவில் கதிரைப் பிடித்த விரல்மேலேயே ஏறும். ஜோடியாக வாங்கியதால் நாள் பிடிக்கும், ஒன்றுக்கொன்று துணை இருக்கும்போது உங்களை எதற்குத் தேட வேண்டும்? அதற்காகப் பிரித்துத் தனியாக வைக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நாள் முழுக்க வேலைக்குப் போகிற வீட்டில் ஒற்றை பட்ஜியை வளர்ப்பது பாவம்.

கண்ணாடி விஷயம். ஆண் பட்ஜி தன் ஜோடிக்கு இரைப்பையிலிருந்து தீனியை மேலே கொண்டுவந்து ஊட்டும். தலை மேலும் கீழும் ஆடும், கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும், தலை மயிர் சிலிர்த்து நிற்கும். அதன் காதல் இதுதான். உங்கள் நீலம் கண்ணாடியில் இருப்பதை இன்னொரு பட்ஜி என்று நினைத்து ஊட்டுகிறது. எதிரில் இருப்பது வாங்கிக்கொள்வதே இல்லை, இதுவும் விடுவதில்லை. சில பறவைகள் நாள் பூராவும் இதே வேலையாகி இளைத்துப்போகும். நிஜமான துணை பக்கத்திலேயே இருக்கும்போது கண்ணாடி எதற்கு? கழற்றிவிடுங்கள். நோயில் வரும் வாந்தி இப்படி இருக்காது. தலையைப் பக்கவாட்டில் உதறும், தெறித்தது தலையிலும் கன்னத்திலும் ஒட்டி மயிர் பிசுபிசுவென்று கிடக்கும், பறவை சோர்ந்திருக்கும்.

நீலம்தான் ஆண் என்று நான் சொல்வது இந்தச் செய்கையை வைத்து. உறுதிசெய்ய அலகுக்கு மேலே மூக்குத்துளை இருக்கும் மெழுகு போன்ற தசையைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நீலம். பெண்ணுக்கு வெளிர் பழுப்பு, முட்டைக்குத் தயாராகும்போது கரும்பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும். முழு வெள்ளை, முழு மஞ்சள் வகைகளில் ஆணுக்கு இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும் என்பதால் அங்கே மட்டும் ஏமாறலாம். குஞ்சுப் பருவத்தில் நெற்றி வரி மூக்குவரை இறங்கியிருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முதல் சிறகு உதிர்ந்ததும் அது போய்விடும்.

ஒற்றைக் காலில் நின்று, தலையைத் திருப்பி முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு தூங்கும் பறவை நிம்மதியாக இருக்கிறது. தூங்கப்போகும் முன் அலகை நறநறவென்று தேய்க்கும், அதுவும் நிம்மதிதான். ஒரு பக்கத்துக் காலையும் சிறகையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். ஒன்று கொட்டாவி விட்டால் மற்றதும் விடும். 2015-ல் வந்த ஓர் ஆய்வு, கொட்டாவி பட்ஜிகளுக்கிடையே உண்மையிலேயே தொற்றுகிறது என்று காட்டியது. நீங்கள் அறையை விட்டு வெளியே போனதும் உரக்கக் கூப்பிடுவது அடம் இல்லை. கூட்டத்தில் ஒன்று கண்ணுக்கு மறைந்தால் எங்கே இருக்கிறாய் என்று கேட்கும் குரல் அது. போன இடத்தில் இருந்தபடியே ஒரு விசில் அடித்துவிடுங்கள், அடங்கிவிடும். ஜோடி சேரும்போது ஆண் அந்தக் கூப்பிடும் குரலைப் பெண்ணின் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். பேசக் கற்கிற திறமையும் இதோடு ஒட்டியதுதான், அதனால்தான் ஆண்களே அதிகம் பேசுகின்றன. கலிஃபோர்னியாவில் பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாக கின்னஸ் பதிவு இருக்கிறது. ஜோடியாக வளர்வதால் உங்கள் நீலம் உங்களிடம் ஒன்றிரண்டு சொல் கற்றாலே பெரிய விஷயம். தினமும் காலையில் ஒரே சொல்லை உற்சாகமாகச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது பயப்பட வேண்டியவை. கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வேட்டைப் பறவை குறிவைக்கும். அதனால் பட்ஜி நோயை மறைக்கும், நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். இரண்டு காலிலும் உட்கார்ந்து உடம்பை உப்ப வைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குவது, மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடுவது, கம்பில் ஏறாமல் கூண்டுத் தரையிலேயே இருப்பது, காலையில் வழக்கமாகப் போடும் சத்தம் நின்றுபோவது: இதில் எதைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எச்சத்தைப் பார்க்கக் கூண்டுத் தட்டில் வெள்ளைத் தாள் விரியுங்கள். கரும்பச்சைச் சுருளும் நடுவில் வெள்ளையும் இருந்தால் நல்லது. செரிக்காத தினை முழுசாக வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்ப்பது இன்னும் நல்லது. மூன்று நான்கு கிராம் குறைந்தால் நமக்கு அற்பம், அதற்கு உடம்பில் பத்தில் ஒரு பங்கு. மருத்துவரிடம் போகும்வரை கூண்டின் ஒரு பக்கம் மட்டும் கதகதப்பாக இருக்கும்படி குண்டு பல்பு போட்டு வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் தானே நகர்ந்துகொள்ளும். கடைக்காரர் மருந்து என்று தரும் மஞ்சள் நிறப் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள். என்ன நோய் என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து அது, நோயாளிப் பறவை தண்ணீரே சரியாகக் குடிக்காது என்பதால் அளவும் சேராது. பக்கத்து ஊரில் ஆனாலும் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இதற்கு முதல் எமன் சீலிங் ஃபேன். கூண்டைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்துவது வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும், விருந்தாளிக்கும் சொல்லிவிடுங்கள். அடுத்தது புகை. பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறமையாகக் காற்றை எடுத்துக்கொள்வதால் நஞ்சையும் அதே வேகத்தில் எடுத்துக்கொள்ளும். அடுப்பில் மறந்து காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவின் ஆவி சில நிமிடங்களில் கொன்றுவிடும், நமக்கு வாசனைகூட வராது. கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசுவுக்குக் கூண்டின்மேல் வலை போடுங்கள்.

தீனியில் தினை மட்டும் போதாது. வெறும் விதையில் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் அயோடினும் குறைவு, அதனால்தான் கழுத்துச் சுரப்பி வீங்கி மூச்சிரைக்கும் பட்ஜிகளைப் பார்க்கிறோம். தினையோடு பனிவரகு, கொஞ்சம் கம்பு கலந்து, தினமும் ஒரு கொத்து முருங்கைக்கீரையோ கொத்தமல்லியோ தொங்கவிடுங்கள். முதல் சில நாள் பேய் வந்தது போலப் பார்க்கும், பிறகு காம்பைக்கூட விடாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், கால்சியத்துக்கு அது போதும். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், உப்பு போட்ட நொறுக்குத்தீனி, பால் கூடவே கூடாது.

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம், அது ஹெலிகாப்டர் இல்லை, குறுக்கேதான் பறக்கும். கடையில் வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, பூச்சிமருந்து அடிக்காத கொய்யாக் கிளையைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். தடிமன் இடத்துக்கு இடம் மாறினால்தான் பாதத்தில் புண் வராது. ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். டிவி அறையில் இருந்தால் துணி போட்டு மூடுங்கள். கத்திரி வெயிலில் அலகைத் திறந்துகொண்டு இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தால் அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். நிழலுக்கு மாற்றி, ஈரக் கொத்தமல்லிக் கட்டை உள்ளே வையுங்கள், அதில் புரண்டே குளித்துக்கொள்ளும்.

கூண்டோடு ஒரு மண்பானையும் கட்டிக் கொடுத்திருப்பார்களே, குஞ்சு வேண்டாம் என்றால் அதைக் கழற்றுங்கள். பட்ஜி தூங்குவது கம்பில், பானை முட்டைக்கு மட்டும்தான். பானையைப் பார்த்தாலே பெண் தயாராகிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டை, பதினெட்டு நாள் அடை. உடம்பில் சத்தில்லாத, ஒரு வயதுகூட ஆகாத பெண்ணுக்கு முட்டை சிக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். வாங்கிய மாதமே குஞ்சு பார்க்க ஆசைப்படுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பச்சைக்கிளி விஷயத்துக்கு என் பதில், கூடாது என்பதுதான். நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டு இனம் என்பதால் அந்தத் தடை இதற்கு இல்லை. சட்டத்தை விட்டாலும், கிளியின் அலகு ஒரே கடியில் பட்ஜியின் காலைத் துண்டாக்கிவிடும். இன்னொரு பறவை வேண்டும் என்றால் பட்ஜியே வாங்குங்கள், அதுவும் பெண் வேண்டாம், ஒரு ஆணுக்கு இரண்டு பெண் இருந்தால் பெண்கள் ரத்தம் வரும்வரை சண்டை போடும். புதுசை ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்துப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு சேர்த்துவிடுங்கள்.