டர்போ ஸ்னோமொபைல்: கம்ப்ரஷனும் கேம் டைமிங்கும், வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 1,049 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட யமஹா நைட்ரோ ஸ்னோமொபைல் இருக்கிறது. அதற்கு டர்போ கிட் வாங்க முடிவு செய்திருக்கிறேன். வழக்கத்தைவிட 1 மி.மீ. தடிமனான ஹெட் கேஸ்கெட்டையும் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் வைக்கும் தகடு), போல்ட் துளைகள் நீள்வட்டமாக வெட்டப்பட்ட கேம் ஸ்ப்ராக்கெட்டுகளையும் (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் பற்சக்கரங்கள்) கிட்டோடு சேர்த்தே வாங்க வேண்டும் என்று விற்பவர் வற்புறுத்துகிறார். இரண்டும் உண்மையாகவே தேவையா?

பதில்: தடிமனான கேஸ்கெட் தேவையா என்பதை நீங்கள் வைக்கப்போகும் பூஸ்ட் அழுத்தமும் (டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஊற்றப்போகும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும் தீர்மானிக்கின்றன. ஆனால் அந்த கேஸ்கெட்டைப் போடுவது என்று முடிவாகிவிட்டால், ஸ்ப்ராக்கெட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. இந்த அளவில் விற்பவர் சொல்வது சரி.

கேஸ்கெட் என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 82 மி.மீ., ஸ்ட்ரோக் 66.2 மி.மீ.; ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 350 சிசி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, 11-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேலே மிஞ்சியிருக்கும் இடம் 35 சிசி. 1 மி.மீ. கூடுதல் தடிமன் அந்த இடத்தோடு 5.3 சிசியைச் சேர்க்கிறது, விகிதம் 9.7 அளவுக்கு இறங்குகிறது. பூஸ்ட் காற்று அழுத்தப்படும்போது ஏறும் வெப்பம் அந்த அளவுக்குக் குறைவதால், பெட்ரோல் தானாகப் பற்றி நாக்கிங் உண்டாகும் வாய்ப்பும் குறைகிறது.

கேஸ்கெட் தடித்தால் சிலிண்டர் ஹெட்டும் அதனோடு 1 மி.மீ. உயரும். கேம்ஷாஃப்டுகள், கீழே பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கிலிருந்து அவ்வளவு தூரம் விலகிவிடும். ஆனால் இரண்டையும் இணைக்கும் டைமிங் செயினின் நீளம் மாறுவதில்லை. இறுக்கமாக நிற்கும் பக்கத்துச் செயின், உயர்ந்துவிட்ட ஸ்ப்ராக்கெட்டைச் சுழலும் திசையிலேயே சிறிது முன்னோக்கித் திருப்பிவிடுகிறது. ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 30 மி.மீ. என்றால் கேம் அளவில் 1.9 டிகிரி, கிராங்க் அளவில் 3.8 டிகிரி முன்னேற்றம் வந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் கேமுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. வால்வு சற்று முன்னதாகத் திறப்பதால் டர்பைனுக்குச் சூடான வாயு கூடுதல் வேகத்தோடு போய்ச் சேரும். இன்டேக் கேமில்தான் சிக்கல். இன்டேக் வால்வு முன்கூட்டியே மூடிக்கொள்வதால் சிலிண்டருக்குள் அடைபடும் காற்றின் அளவு கூடி, கேஸ்கெட்டைக் கொண்டு நீங்கள் குறைத்த கம்ப்ரஷனில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய பலனை அந்தச் செயினே குறைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நீள்துளை ஸ்ப்ராக்கெட்.

அது இருந்தால் இழந்த டிகிரியை மீட்பதோடு இன்னொன்றையும் செய்துகொள்ளலாம். டர்போ இல்லாமல் ஓடுவதற்காக வடிவமைத்த வேகமான எஞ்சின்களில், எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வு திறந்துவிடும்; இரண்டும் திறந்திருக்கும் இந்தக் காலத்தை ஓவர்லேப் என்கிறார்கள். டர்போ வந்த பிறகு, எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கும் அழுத்தம் பூஸ்ட் அழுத்தத்தைத் தாண்டும் வேளைகளில், எரிந்த வாயு சிலிண்டருக்குள்ளேயே திரும்பிப் புகுந்து புதிய காற்றைச் சூடாக்குகிறது. நாக்கிங்குக்கு இதுவும் ஒரு காரணம். இன்டேக் கேமைச் சில டிகிரி தாமதப்படுத்தி, எக்ஸாஸ்ட் கேமை முன்னேறிய நிலையிலேயே விட்டுவைத்தால் ஓவர்லேப் சுருங்கும். பிஸ்டனுக்கும் வால்வுகளுக்கும் இடையிலான இடைவெளியைப் பொறுத்தவரையும் பாதுகாப்பான திசை இதுதான். இன்டேக்கை முன்னேற்றினாலோ எக்ஸாஸ்டைத் தாமதப்படுத்தினாலோதான் வால்வு பிஸ்டனை நெருங்கும்.

எத்தனை டிகிரி என்பதை விற்பவர் எண்ணாகச் சொல்ல வேண்டும். ஸ்னோமொபைலின் பெல்ட் கிளட்ச், முழு த்ராட்டிலில் எஞ்சினை ஏறத்தாழ ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்துகிறது. காரைப் போல அகலமான வேக எல்லை முழுவதற்கும் ஈடுகொடுக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லாததால், அந்தக் குறுகிய வேகத்துக்கு ஏற்ற கேம் நிலையைத் தேர்ந்தெடுக்க முடியும். எந்த வேகத்தில் சோதித்து அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல இயலாதவரிடம் ஸ்ப்ராக்கெட் வாங்குவதில் பயனில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கம்ப்ரஷனைக் குறைப்பதற்குத் தடிமனான கேஸ்கெட்டைவிடக் குறைந்த கம்ப்ரஷன் பிஸ்டன்களே சிறந்த வழி. கேஸ்கெட் தடித்தால் பிஸ்டனின் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய நெருக்கம் போய்விடுகிறது. அந்த நெருக்கம்தான் கலவையைக் கலக்கி வேகமாக எரியச் செய்து நாக்கிங்கைத் தடுக்கிறது. உச்சியில் குழிவு கொடுத்துச் செய்த பிஸ்டனில் விளிம்பு நெருக்கம் அப்படியே இருக்கும். ஹெட் உயராததால் கேம் டைமிங்கும் நகராது. எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும் என்பதால் செலவு அதிகம்தான். பூஸ்ட்டை மிதமாக வைப்பவருக்கு கேஸ்கெட் போதும். பின்னால் பூஸ்ட்டைக் கூட்டும் எண்ணம் இருப்பவர் இப்போதே பிஸ்டனுக்குச் செலவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அதே ஹெட்டை இரண்டு முறை கழற்ற நேரிடும்.

கிட்டின் விலையோடு கிளட்ச் எடைகளுக்கும் எரிபொருள் மேப்புக்கும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று எஞ்சின் கணினியில் பதிந்துள்ள அட்டவணை) தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சக்தி கூடிய எஞ்சினைப் பழைய எடைகளால் பிடித்து நிறுத்த முடியாது; கேமை நகர்த்திய எஞ்சினுக்குப் பழைய மேப் பொருந்தாது.

கேள்வி: இரண்டு ஸ்ட்ரோக் டர்போ எஞ்சினுக்கும் கேம் டைமிங் மாற்றித் தருவதாக ஒருவர் விலைப்பட்டியல் தந்திருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்னோமொபைல்களில் வரும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கேம்ஷாஃப்டே கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட்டுகள் எனும் திறப்புகளின் உயரமும், எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தை மாற்றும் வால்வின் அசைவும்தான் அங்கே நேரத்தை நிர்ணயிக்கின்றன. போர்ட்டை அரைத்து உயர்த்துவதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்றாலும், அரைத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஸ்கி-டூ 850 ஈ-டெக் டர்போ, போலாரிஸ் பேட்ரியட் பூஸ்ட் போலத் தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வருகிறவற்றில் கம்ப்ரஷனை ஏற்கெனவே பூஸ்ட்டுக்கு ஏற்பவே வைத்திருக்கிறார்கள்; வாரண்ட்டி உள்ள எஞ்சினை இதற்காகத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: உயர்ந்த மலைப் பகுதியில் ஓடிய டர்போ பொருத்திய யமஹா அபெக்ஸ் (நான்கு சிலிண்டர் ஸ்னோமொபைல்) ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. கம்ப்ரஷன் குறைக்கப்பட்டது என்பதற்கு ஆதாரமாக, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் குறைவாகக் காட்டும் படத்தை உரிமையாளர் அனுப்பியிருக்கிறார். நான் ஓட்டப்போவது கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில். இதை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தப் படம் எதற்கும் ஆதாரம் ஆகாது. கேஜில் வரும் எண் கம்ப்ரஷன் விகிதத்தை மட்டும் காட்டுவதில்லை. இன்டேக் கேம் தாமதமாக இருந்தாலும் எண் குறையும். வளையம் தேய்ந்திருந்தாலும், வால்வு கசிந்தாலும், த்ராட்டிலை முழுவதும் திறக்காமல் அளந்தாலும் குறையும். மலை உயரத்தில் அளந்தாலே குறையும். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் லீக்-டவுன் சோதனையைச் சூடான எஞ்சினில் உங்கள் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்துக் கசிந்தால், காற்று எக்ஸாஸ்டில் கேட்கிறதா, ஆயில் மூடியில் கேட்கிறதா, கூலன்ட்டில் குமிழி வருகிறதா என்று காது கொடுத்துக் கவனியுங்கள். முதலாவது வால்வு, இரண்டாவது பிஸ்டன் வளையம், மூன்றாவது ஹெட் கேஸ்கெட்.

அதைவிட முக்கியமான விஷயம் உயரம். 3,000 மீட்டரில் வளிமண்டல அழுத்தம் சுமார் 70 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் 101. கேஜில் 0.5 பார் பூஸ்ட் காட்டும்போது, மலையில் எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 120 கிலோபாஸ்கல்தான். சமவெளியில் அதே 0.5 பார் காட்டும்போது 151. மலையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய அதே கம்ப்ரஷன், அதே கேம் நிலை, அதே பெட்ரோலுடன், கீழே உறைந்த ஏரியின் மேல் நீண்ட நேரம் முழு த்ராட்டிலில் ஓடினால் பிஸ்டன் உருகவும் கூடும். குளிர்ந்த காற்று நாக்கிங்கை ஓரளவு தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானதும்கூட, அதற்கேற்ற பெட்ரோல் கிடைக்காவிட்டால் கலவை மெலிந்துவிடும். ஆகவே பூஸ்ட்டைக் குறைத்து மேப்பை மாற்றும் செலவையும் பேசும் விலையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய யமஹா வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஸ்னோமொபைல் தொழிலிலிருந்து விலகுவதாக யமஹா 2023-இல் அறிவித்துவிட்டது, வட அமெரிக்காவில் 2025 மாடலே கடைசி. உதிரிபாகம் இன்றைக்குக் கிடைக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: கேம் டைமிங்கைச் சரிசெய்ததாக ஒர்க்‌ஷாப்பில் பில் கொடுத்துவிட்டார்கள். உண்மையில் செய்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அளவுத்தாளைக் கேளுங்கள். முறையாகச் செய்பவர் கிராங்க்கில் டிகிரித் தட்டைப் பொருத்தி, பிஸ்டனின் உண்மையான உச்சி நிலையை ஸ்டாப்பர் வைத்துக் கண்டுபிடித்து, வால்வு லிஃப்டை டயல் கேஜில் படித்து, ஒவ்வொரு கேமின் மைய நிலையையும் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் டிகிரியில் எழுதி வைப்பார். ஸ்ப்ராக்கெட்டிலுள்ள குறியை ஹெட்டின் விளிம்போடு கண்ணால் ஒத்துப்பார்த்து முடிப்பது, ஹெட் உயர்ந்த எஞ்சினில் செல்லாது. அந்தக் குறிகள் பழைய உயரத்துக்குப் போடப்பட்டவை.

பிஸ்டன் மேல் களிமண் ஒட்டிச் சுழற்றி வால்வு இடைவெளியை அளந்தார்களா, நீள்துளை போல்ட்டுகளுக்குத் திருகு பிசின் இட்டு, குறித்த டார்க்கில் முடுக்கினார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். சாதாரண ஸ்ப்ராக்கெட் நகர வழியில்லை. நீள்துளை உள்ளது போல்ட்டின் பிடிமானத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அது முழு வேகத்தில் ஒரு முறை வழுக்கினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். வேலையில் குறை இருந்தது என்று பின்னர் இழப்பீடு கேட்க நேர்ந்தால், உங்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே சான்று அந்தத் தாள்தான். அதைத் தர மறுக்கும் இடத்தில் பில்லுக்கான முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள்.