நெல் விலையும் ஜெனீவா கணக்கும்

கேள்வி: நெல்லுக்கு ஆதார விலையை ஏற்றினால் உலக வர்த்தக அமைப்பு குறுக்கே வரும் என்கிறார்களே, உண்மையா? ரேஷன் அரிசியையும் நிறுத்தச் சொல்வார்களா? – வாசகர், மன்னார்குடி

பதில்: ரேஷன் அரிசியைப் பற்றிப் பயம் வேண்டாம். ஏழைகளுக்கு அரிசியை மலிவாகக் கொடுப்பதை, ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் தடுக்கவில்லை. வம்பெல்லாம் கொள்முதல் விலையில்தான். அரசு அறிவித்த விலைக்கும் 1986-88 சராசரி உலக விலைக்கும் உள்ள வித்தியாசம் மானியமாகக் கணக்காகும். நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் அது அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

2018-19 கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொது ரக நெல் குவிண்டால் 1,750 ரூபாய். நூறு கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி. ஆக ஒரு டன் அரிசி சுமார் 26,100 ரூபாய். டாலர் 70 ரூபாய் என்றால் 373 டாலர். ஒப்பிட வேண்டிய அந்த 1986-88 அடிப்படை விலையோ 262.51 டாலர். டன்னுக்கு 110 டாலர் வித்தியாசம். கொள்முதல் செய்த அரிசி 4.44 கோடி டன். பெருக்கினால் 490 கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைய வரும். அந்த அமைப்பிடம் இந்தியா அறிவித்த மானியம் 500 கோடி டாலர். அரிசியின் மொத்த உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர். அதில் பத்து சதவீதம் 437 கோடிதான். வரம்பு தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் இது நமக்குச் சாதகமான கணக்கு. அடிப்படை விலையை அன்றைய ரூபாயிலேயே வைத்து, கொள்முதலுக்குப் பதில் மொத்த விளைச்சலையும் எடுத்துக்கொண்டு, அரிசிக்கான ஆதரவு 70 சதவீதத்துக்கு மேல் என்று அமெரிக்கா 2018-ல் வாதிட்டது. முப்பது வருட விலைவாசி ஏற்றத்தையும் மானியம் என்று எழுதுவது அநியாயம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தமிழக அரசு தரும் ஊக்கத்தொகையும் இதில் சேரும். மாநில உதவியையும் கூட்ட வேண்டும் என்பது விதி.

தாண்டியும் வழக்கு வராததற்குக் காரணம், 2013-ல் உலக வர்த்தக அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்த சமாதான விதி: வரம்பு தாண்டினாலும் வழக்குப் போடக்கூடாது என்பது. அதன் நிழல், அன்று நடப்பில் இருந்த திட்டங்களுக்கு மட்டும். கணக்கை ஒழுங்காகச் சமர்ப்பிக்க வேண்டும். சேமிப்பு அரிசியால் பிற நாட்டுச் சந்தை கெடக்கூடாது. புதிதாக வேறு பயிருக்குக் கொள்முதல் தொடங்கினால் இந்தக் குடை கிடையாது.

கேள்வி: கரும்பை அரசு வாங்குவதே இல்லையே, அதற்கு ஏன் உலக வர்த்தக அமைப்பில் வழக்கு? – வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: ஆலைதான் வாங்குகிறது, ஆனால் விலையை நிர்ணயிப்பது அரசு. அதுவே போதும் என்றது 2021 டிசம்பர் தீர்ப்பு. மொத்த விளைச்சலையும் கணக்கில் எடுத்தது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கு அது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரிலிருந்தே முடங்கிக் கிடக்கிறது. தீர்ப்பு அப்படியே தொங்குகிறது.

மானிய வரம்பில் சிக்காத வழி ஒன்று உண்டு: விலையோடும் விளைச்சலோடும் தொடர்பில்லாத ரொக்க உதவி. பி.எம். கிசான் போல, நிலத்தின் பேரில் கொடுப்பது. ஆனால் அதில் குத்தகைக்காரருக்கு நஷ்டம். கொள்முதல் நிலையத்தில் அவர் அடங்கல் (பயிர்ப் பதிவு) காட்டி நெல்லைப் போடலாம். நிலத்தின் பேரில் வரும் பணமோ பட்டாக்காரர் கணக்குக்குப் போய்விடும்.