'ழென்வியேவ்' என்ற பிரெஞ்சுப் பெண்பெயரின் பொருள் என்ன? 'வெள்ளை அலை' என்கிறார்களே, சரியா?

சரியில்லை. குழந்தைப் பெயர்த் தளங்களில் காணும் அந்தப் பொருள் வேறொரு பெயரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஆர்தர் அரசரின் மனைவிக்கு வேல்ஸ் மொழியில் 'க்வென்ஹ்விவர்' என்று பெயர். அதில் 'க்வென்' என்பது வெண்மை. ஜெனிஃபர் பிறந்தது அதிலிருந்துதான். ழென்வியேவுக்கும் அதற்கும் ஓசை ஒற்றுமை மட்டுமே. ஜெனீவா நகரின் பெயருக்கும் இதோடு உறவில்லை.

பழைய லத்தீன் ஏடுகளில் இப்பெயர் 'கெனோவெஃபா'. ஜெர்மானிய மூலம் என்பவர்கள் 'குனி' (குலம்), 'வீஃப்' (பெண்) என்று பிரித்துக் 'குலத்துப் பெண்' என்பார்கள். இடறுவது முதலெழுத்து: ஜெர்மானியச் சொல்லில் 'கண்' என்பதன் க, ஏடுகளில் 'கங்கை'யின் முதல் க. கெல்டிக் (ரோமானியருக்கு முன் பிரான்சில் வழங்கிய மொழிக்குடும்பம்) மூலம் என்றால் 'கெனோ' (பிறப்பு, குலம்) அழகாகப் பொருந்துகிறது, பின்பாதிக்குத்தான் நல்ல விளக்கம் கிடைப்பதில்லை. எப்படிப் பார்த்தாலும் முன்பாதி குலத்தையே சுட்டுகிறது. அதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

பெயரை நிலைக்கவைத்தவர் 5-ஆம் நூற்றாண்டில் பாரிஸை அடுத்த நாந்தேரில் பிறந்த புனித ழென்வியேவ். தந்தை செவெருஸ், தாய் கெரோன்சியா. இருவருக்கும் ரோமானிய வழக்குப் பெயர்கள், மகளுக்கு மட்டும் இப்படியொன்று! 451-ல் ஹூணர் தலைவன் அட்டிலாவின் படை நெருங்கியபோது, ஊரைவிட்டு ஓட வேண்டாம் என்று பாரிஸ் மக்களைத் தடுத்து நிறுத்தியவர். அந்நகரின் காவல் புனிதர். திருநாள் ஜனவரி 3. நோயிலிருந்து மீண்ட பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி 1744-ல் நேர்ந்துகொண்டபடி அவருக்கு எழுப்பிய ஆலயம்தான், 1791-ல் தேசத்தின் பெரியோருக்கான நினைவிடமாக மாறிய பாந்தெயோன். 2015-ல் அங்கே இன்னொரு ழென்வியேவுக்கு இடம் கிடைத்தது: நாஜி எதிர்ப்புப் போராளி ழென்வியேவ் தெ கோல்-அந்தோனியோஸ்.

1953-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'ஜெனோவா' இந்தப் புனிதரின் கதையன்று. பொய்ப்பழி சுமந்து, குழந்தையோடு காட்டில் வாழ்ந்த பிரபாந்து நாட்டு ஜெனோவேவாவின் கதை அது. பெயர் ஒன்று, ஆள் வேறு.

குழந்தைக்கு வைப்பதானால் எழுத்தைக் கவனியுங்கள். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நான்கு 'எ' வரும். மூன்றாவதன் தலையில் மட்டும், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் கோடு. எதிர்ப்பக்கம் சாய்த்துப் போடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை; அப்படிப் போட்டால் உச்சரிப்பே மாறிவிடும். பேச்சில் இரண்டாவது 'எ' விழுந்துவிடும், கடைசி 'எ' ஒலிக்காது: ழென்-வியேவ், இரண்டே அசை. தமிழில் ழ போடுவது மொழிபெயர்ப்பாளர் வழக்கம். 'மழை'யின் ழ அல்ல. 'ஷ' சொல்லும்போதே தொண்டையை அதிரவிட்டால் சரியான ஒலி வந்துவிடும். செல்லமாக அழைக்க 'ழினெத்' உண்டு.