1094 துலாம் 9

அன்புள்ள ஐயா,

தென் திருவிதாங்கூரிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு இதைக் கேட்கத் துணிந்தேன். என் ஊர் கருங்கல் பக்கம். அம்மா வழியில் என் பூட்டன், தன் தங்கையோடும் தங்கை கணவரோடும் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். பூட்டி பிள்ளைகளோடு ஊரிலேயே இருந்தார். போனவர் திரும்பவில்லை. எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் கடைசித் தாளில், பாட்டாவின் மூத்த அண்ணன் கையெழுத்தில், ‘1094 துலாம் 9. சிலோனிலிருந்து அப்பாவின் காரியம் அறிந்தோம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அவர் அனுப்பிய கடிதங்களில் தபால்தலை கிழிக்கப்பட்ட இரண்டு காலி உறைகள் மட்டும் மிஞ்சியுள்ளன. தங்கை குடும்பம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

கனடாவில் இருக்கும் என் மாமா மகன் இணையத்தில் வம்சாவளித் தளமொன்றில் தேடி, அதே பெயருடைய ஒருவர் 1919 பிப்ரவரியில் இறந்து, நுவரெலியாவுக்கு அருகில் ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டதைக் கண்டிருக்கிறார். கொல்லம் ஆண்டு 1094உடன் 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு 1919 வருகிறது. வேறு இரண்டு குடும்ப மரங்களிலும் அதே விவரம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து போய் அங்கே பெயர் பொறித்த கல் வைக்கப் பணம் திரட்டி வருகிறோம். அம்மாவுக்கு வயது 81. அங்கே இருப்பவர் எங்கள் பூட்டன்தான் என்று நம்பலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் வயதை எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லறையில் இருப்பவர் உங்கள் பூட்டனாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கல்லுக்கான பணத்தைத் தயவுசெய்து இப்போது செலவிட வேண்டாம்.

பிழை கூட்டலில் இருக்கிறது. கொல்லம் ஆண்டு நம் ஊரில் சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில் பிறக்கிறது. அதனால் சிங்கம் முதல் தனு மாதத்தின் நடுப்பகுதி வரையிலான நாட்களுக்கு 824ஐயும், ஜனவரி பிறந்த பிறகு வரும் நாட்களுக்கு மட்டுமே 825ஐயும் கூட்ட வேண்டும். துலாம் என்பது ஐப்பசி. எனவே 1094 துலாம் 9 என்பது 1918 அக்டோபர் 25ஐ ஒட்டிய நாள். அன்று மரணச் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதென்றால், 1919 பிப்ரவரியில் இறந்தவர் வேறொருவர். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை நம் முன்னோரின் சொத்துப் பத்திரங்களும் வீட்டுக் குறிப்புகளும் பெரும்பாலும் கொல்லம் ஆண்டிலேயே எழுதப்பட்டன. அவற்றை ஆங்கில ஆண்டுக்கு மாற்றும்போது எல்லாவற்றுக்கும் 825ஐக் கூட்டிவிடும் பழக்கத்தால் ஓராண்டு பிந்திப்போன குடும்ப வரலாறுகளை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

வேதப்புத்தகத்தில் இருக்கும் வரியையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலும் கீழும் உள்ள குறிப்புகளின் மையும் கையெழுத்தும் இதனோடு ஒத்திருக்கின்றனவா, அல்லது பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதிச் சேர்த்ததா என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வரி ‘மரித்தார்’ என்று சொல்லவில்லை, ‘அறிந்தோம்’ என்றுதான் சொல்கிறது. அது இறந்த நாள் அல்ல, செய்தி வந்த நாள். இறப்பு அதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ முன்பு நிகழ்ந்திருக்க வேண்டும்.

வேறு இரண்டு குடும்ப மரங்களிலும் அதே விவரம் இருப்பது உங்களுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. அந்த மரங்களில் அந்தப் பதிவு எந்த நாளில் சேர்க்கப்பட்டது, எதைச் சான்றாகக் காட்டுகிறது என்று உங்கள் மாமா மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் ஏற்றியதை மற்ற இருவரும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது ஒரே சான்றுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவின் பெரியப்பாவுடையது என்று ஒரு கல்லறையில் நாங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நவம்பர் 2ஆம் தேதிதோறும் மெழுகுதிரி ஏற்றி வந்தோம். பிறகு ஒரு நாள் அந்தச் சபையின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது, அந்தப் பெயருக்கு நேரே தகப்பன் பெயர் வேறாக இருந்தது. பெரியப்பா தன் கடைசி நான்கு ஆண்டுகளை மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் கழித்து, அங்கேயே அடக்கமாகியிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அந்த மகளை விசாரிக்கவில்லை, ஏனென்றால் குடும்பக் கதை எப்போதும் ஆண்மக்கள் வழியாகவே சொல்லப்பட்டு வந்தது. அப்பா அப்போது உயிரோடிருந்தார். அந்தப் பதிவேட்டின் முன் அவர் நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அப்படியொரு நாள் வரக் கூடாது.

ஆகவே உங்கள் பூட்டனைத் தேடுவதை விட்டுவிட்டு அவருடைய தங்கையைத் தேடுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. தோட்டத்தில் கூலியாளாக இருந்து 1918இல் இறந்த ஒருவருக்குப் பெரும்பாலும் கல் கிடையாது. உதயகிரிக் கோட்டைக்குள் 1777இல் அடக்கம் செய்யப்பட்ட டிலனாய்க்கு இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல் இருக்கிறது, ஏனென்றால் அவர் திருவிதாங்கூர் மன்னரின் தளபதி. பதவி இல்லாதவர்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. 1806இல் மயிலாடிக்கு வந்து இந்த நாட்டில் லண்டன் மிஷன் சபைகளுக்கு அடித்தளம் இட்ட மிஷனரி ரிங்கல்தௌபேயே 1816இல் இங்கிருந்து கிளம்பி, கொழும்பு வழியாக மலாக்கா வரை போனதோடு மறைந்துபோனார்; அவர் அடக்கமான இடம் யாருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் பூட்டனின் தங்கை அதன் பிறகும் உயிரோடிருந்திருக்கலாம், பிள்ளைகள் பெற்றிருக்கலாம். உயிரோடிருப்பவர்களைத்தான் அரசாங்கங்கள் காகிதம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

1949இல் இலங்கையில் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின்படி குடியுரிமை கேட்ட தோட்டத் தமிழர், 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள், தொடர்ந்து அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டிலிருந்து என்பதற்குச் சான்று தேடி ஒவ்வொரு குடும்பமும் அலைந்தது. பிறகு 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாகியது. அப்படி வந்தவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருந்தன. பல வீடுகளில் அவை இன்றும் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். தோட்டத்தின் பெயர் கிடைக்காமல் இலங்கையில் எந்த அலுவலகத்திலும் உங்களால் பயனுள்ள கேள்வி ஒன்றைக் கூடக் கேட்க முடியாது.

தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகம் அவர்களுக்கு வேலை தந்தது. கீரிப்பாறை, சிற்றாறு பக்கத்துக் குடியிருப்புகளில் இலங்கை மலையகத்தில் பிறந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தங்கையின் பேரப்பிள்ளைகளே அங்கே இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோன கருங்கல் பக்கத்துக் கங்காணி ஒருவரின் ஆட்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கலாம். கங்காணிகள் தங்கள் சொந்த ஊரிலும் உறவிலும்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். உங்கள் பூட்டன் தனியாகப் போகவில்லை, தங்கை குடும்பத்தோடு போனார். அதே கங்காணியோடு அண்டை வீட்டாரும் போயிருக்க வேண்டும். எனவே கீரிப்பாறைக்குப் போகும் முன் உங்கள் ஊரிலேயே, சிலோனுக்குப் போனவர்கள் உண்டு என்று சொல்லும் மற்ற வீடுகளின் கதவைத் தட்டுங்கள். உங்கள் வீட்டில் தொலைந்துபோன தோட்டத்தின் பெயர் அடுத்த வீட்டுக் கடிதத்தில் இருக்கக்கூடும். ஒரு எச்சரிக்கை: தொழிலாளர்கள் தோட்டங்களைத் தாங்கள் வைத்த தமிழ்ப் பெயரில்தான் அழைத்தார்கள், பதிவேட்டில் இருப்பது வேறு பெயராக இருக்கும். இரண்டையும் இணைத்துச் சொல்ல அந்த முதியவர்கள் வேண்டும்.

அந்த இரண்டு காலி உறைகளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். தபால்தலை போனாலும் முத்திரையின் விளிம்பு உறையின் மேல் படிந்திருக்கலாம். பின்பக்கத்தில் வந்து சேர்ந்த நாளின் முத்திரை இருக்கலாம். திருவிதாங்கூருக்கு 1951 வரை அஞ்சல் என்ற சொந்தத் தபால் துறை இருந்தது, இந்தியத் தபால் நிலையங்களும் இருந்தன. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட முத்திரைகளைக் கண்டால் குழம்பாமல், அனுப்பிய இடத்தின் முத்திரையை மட்டும் தேடுங்கள். சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சில நேரம் தெரியும். அந்தத் தபால் நிலையத்தைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒன்றில்தான் அவர் இருந்தார்.

தோட்டத்தின் பெயர் கிடைத்த பிறகு வேலை எளிது. இலங்கையில் இறப்புப் பதிவு 1860களிலேயே சட்டமாகிவிட்டது; தோட்டத்தில் நிகழும் இறப்பை அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரைக்கு இருந்தது. அந்தப் பகுதியின் பிரதேச செயலகத்தில் தேடலுக்கு விண்ணப்பிக்கலாம். அக்டோபரை மட்டும் கேட்காமல் 1918 முழுவதையும் தேடச் சொல்லுங்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் இன்ஃபுளுவென்சா இந்தியாவிலும் இலங்கையிலும் ஏராளமானோரைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட காலத்தில் பதிவுகள் தாமதமாவது இயல்பு. உங்கள் பூட்டனும் அந்த நோயில்தான் போனார் என்று இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். மாதம் பொருந்துகிறது, அவ்வளவுதான். தேடும்போது ஞானஸ்நானப் பெயரோடு வீட்டில் கூப்பிட்ட பெயரையும், தகப்பன் பெயரையும் கொடுங்கள். கிறிஸ்தவராகையால், 1854 முதல் தோட்டம் தோட்டமாக உபதேசியார்களை அனுப்பி வந்த தமிழ்க் கூலி மிஷனின் வழிவந்த சபைகளிலும் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். லண்டனில் சோயாஸ் (SOAS) கல்லூரியில் இருக்கும் லண்டன் மிஷன் ஆவணங்களுக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். அவை மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும். ஒரு சபையாரின் அடக்கத்தை அங்கே தேடிப் பயனில்லை.

அம்மாவுக்காக இப்போதே ஒன்று செய்யலாம். பூட்டி உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தானே இருக்கிறார்? அவருடைய கல்லில், சேகரத்து ஆயரின் அனுமதி பெற்று, கணவரின் பெயரையும் ‘இலங்கையில் மரித்தார், செய்தி வந்த நாள் 1094 துலாம் 9’ என்ற வரியையும் சேர்த்து வெட்டுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குத் தெரிந்தது. தோட்டமும் நாளும் தெரியவரும்போது கீழே எழுத இடம் விட்டு வையுங்கள்.

உறைகளின் இருபக்கப் படத்தையும் வேதப்புத்தகத்தின் கடைசித் தாளின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். தங்கையின் பெயரையும் அவர் கணவரின் பெயரையும் அம்மாவிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.