சூலே பயா, அலவுங்பயா: ராஜாவுக்கும் ஏன் அதே பெயர்? (கேள்வி பதில்)

ரங்கூன் தாம்வேயிலிருந்து ஒரு தம்பி: ஐயா, பஸ்ஸில் "சூலே பயா, சூலே பயா" என்று கூவுகிறார்கள். அது கோயில். அலவுங்பயா என்றால் பர்மா ராஜா. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும்?

இரண்டுக்கு மட்டுமா? புத்தரும் பயா, பிக்குவிடம் மரியாதையாகப் பேசினாலும் வாக்கியம் 'பயா' என்றுதான் முடியும். நம் தமிழும் லேசுப்பட்டதில்லை தம்பி. கோயில் என்றால் கோவின் இல்; அரண்மனைக்கும் அதே பெயர். இறைவன் என்பது அரசனையும் குறிக்கும், 'இறை' என்றால் வரி! 1755இல் டகோனைப் பிடித்து யாங்கோன் (நம் ரங்கூன்) என்று பெயர் வைத்தாரே அலவுங்பயா, அந்தப் பெயருக்கே 'புத்தராகப் போகிறவர்' என்றுதான் பொருள்.

பெகு அக்கா: அப்படியானால் பிக்குகளுக்கும் ராஜாதான் தலைவரா?

அங்கேதான் முடிச்சு. சங்கத்துக்குத் தலைவர் தாதனாபைங். அவரை நியமிப்பவர் ராஜா. ஆனால் ராஜா இல்லறத்தான். நேற்று ஷின்பியு (சிறுவருக்குத் துறவறம் கொடுக்கும் சடங்கு) முடிந்து காவி உடுத்திய பொடியன் எதிரே வந்தாலும் அவர்தான் கும்பிட வேண்டும். இந்த வரம்பைத் தாண்டப் பார்த்தார் போதவ்பயா என்ற பர்மா ராஜா. மிங்குனில் மலைபோல ஒரு பகோடா எழுப்பிக்கொண்டே, வரப்போகும் மைத்ரேய புத்தர் நான்தான் என்றார். பிக்குகள் ஒப்பவில்லை. பகோடாவும் முடியவில்லை, இன்றும் மொட்டையாகவே நிற்கிறது. 1885இல் வெள்ளைக்காரன் நாட்டைப் பிடித்து ராஜா போனதும் தாதனாபைங்கை யார் வைப்பது என்ற சிக்கல் வந்தது. வெள்ளைக்காரன் தயங்கித் தயங்கி 1903இல்தான் ஒருவருக்குச் சன்னது (அங்கீகாரப் பத்திரம்) கொடுத்தான்.

மோல்மேன் பாய்: சுல்தானும் கலீஃபாவும் ஒன்றுதானே?

ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம், பதவி வேறு. சுல்தான் நாட்டை ஆள்பவர், கலீஃபா முஸ்லிம்களின் தலைவர். துருக்கியில் 1922 நவம்பரில் சுல்தான் பதவியை எடுத்தார்கள். கலீஃபா பதவி 1924 மார்ச் வரை இருந்தது.

அதே பெகு அக்கா: எங்கள் பூர்வீகம் ராமநாதபுரம். அந்த ஊர் ராஜா சேதுபதி எப்படி?

நல்ல கேள்வி. சேதுவுக்குக் காவலர், ராமேசுவரம் யாத்திரைக்காரர்களுக்குத் துணை. ஆனால் பூசை செய்கிறவர் அல்லர். ராஜராஜனும் அப்படித்தான்: 'சிவபாதசேகரன்', சிவன் பாதத்தைத் தலையில் சூடியவன். பயாவோடு ஒப்பிட்டால் அடக்கமான பட்டம்தான்!

தாம்வே தம்பி: ஷ்வேடகோன் பக்கம் தர்காவில் இருக்கிறாரே பகதூர் ஷா, அவர்?

மொகலாய பாதுஷாவை 'ஜில்லே இலாஹி' என்பார்கள், இறைவனின் நிழல். இவர் டில்லியில் இருக்கும்போதே முரீதுகளை (சீடர்களை) சேர்த்துக்கொண்ட பீரும் (சூஃபி குருவும்) கூட. 1862இல் இங்கே கைதியாக மௌத்தானார். புதைத்த இடம் தெரியாதபடி மண்ணை மட்டமாக்கிவிட்டார்கள். 1991இல் தோண்டும்போதுதான் கபுரு கிடைத்தது. போனால் பார், பச்சைத் துணி போர்த்தி துஆ கேட்கிறார்கள். பாதுஷாவிடம் அல்ல, பீரிடம்.